மௌனமும் கமுக்கமும்: ஆங்கிலத்தில் சொல்லும் முறை

பேசாமல் இருப்பதற்கும் ஒன்றை மறைத்து வைப்பதற்கும் ஆங்கிலத்தில் சொற்களுக்குக் குறைவே இல்லை. பொருளை மட்டும் பார்த்தால் பெரும்பாலானவை ஒன்றுபோலத் தெரியும். 'கீப் கொயட்' என்றாலும் பேசாதே, 'ஷட் அப்' என்றாலும் பேசாதே. முதலாவதை ஆசிரியர் வகுப்பறையில் சொல்லலாம். இரண்டாவதை அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால் அன்றே புகார் எழும். 'டிஸ்கிரீட்', 'சீக்ரெட்டிவ்' என்ற இரண்டும் அப்படித்தான்: ஒன்று பாராட்டு, மற்றது குற்றச்சாட்டு. சொல்லின் பொருளோடு அதன் எடையையும் தெரிந்துகொள்ள உதவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. ஆங்கிலத் தொடர்கள் இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. வாய்விட்டுப் படித்துப் பழகுவது நல்லது.

சொல்லைத் தேடும் முன் நான்கு கேள்விகள்

எந்தச் சொல் பொருந்தும் என்று தேடுவதற்கு முன் நிலைமையை இந்த வரிசையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. பேசாமல் இருக்க வேண்டியவர் யார்? சொல்பவரா, கேட்பவரா, மூன்றாம் ஆளா?
2. மறைவாக இருப்பது ஆளா, விஷயமா? ஆள் 'சைலன்ட்' ஆக இருக்கலாம். விஷயம் 'சீக்ரெட்' ஆகத்தான் இருக்க முடியும்.
3. யாருக்குத் தெரியக் கூடாது? ஒருவருக்கு மட்டுமா, ஊருக்கேவா?
4. மறைப்பது கண்ணியமா, தவறா?

ஒரு நிறுவனத்தில் சம்பள உயர்வுப் பட்டியல் தயாராகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தட்டச்சு செய்யும் ஊழியர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரை 'ஷி இஸ் டிஸ்கிரீட்' என்று மேலாளர் சொன்னால் அது நற்சான்று. 'ஷி இஸ் சீக்ரெட்டிவ்' என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால், எதையோ ஒளிக்கிறார் என்ற சந்தேகம். பட்டியல் 'கான்ஃபிடென்ஷியல்'. அறிவிக்கும் நாள்வரை அது 'அண்டர் ராப்ஸ்', அதாவது வெளியே விடாமல் வைத்திருப்பது. வேண்டிய ஒருவருக்கு விதியை மீறி உயர்வு போட்டு, அதை மறைத்தால் அது 'கவர்-அப்'. அதே அலுவலகம், அதே தாள். நான்காவது கேள்விக்கான பதில் மாறியதும் சொல்லும் மாறிவிடுகிறது. கற்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு இந்த நான்காவது கேள்வியைக் கேட்டுக்கொள்ளாததால் வருவதுதான்.

தானே பேசாமல் இருக்கும்போது

'கொயட்', 'சைலன்ட்' இரண்டும் அன்றாடச் சொற்கள். 'ஹி இஸ் கொயட்' என்றால் அவர் அதிகம் பேசாத சுபாவம் உள்ளவர். 'ஹி வாஸ் சைலன்ட்' என்றால் அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதலாவது குணத்தையும் இரண்டாவது நிகழ்வையும் பெரும்பாலும் காட்டுகின்றன.

நூலகங்களிலும் பள்ளிகளிலும் 'கீப் சைலன்ஸ்' என்ற பலகையைப் பார்த்துப் பழகியவர்கள் அதையே பேச்சிலும் பயன்படுத்துவதுண்டு. இன்றைய பொது ஆங்கிலத்தில் 'கீப் சைலன்ட்', 'கீப் கொயட்' என்பவையே இயல்பு. 'பின் டிராப் சைலன்ஸ்' என்பதும் இந்திய ஆங்கிலத்தில்தான் அதிகம் புழங்குகிறது. ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியைப் பிரிட்டனில் 'யூ குட் ஹேவ் ஹர்ட் எ பின் டிராப்' என்று முழு வாக்கியமாகச் சொல்வார்கள். இந்திய வழக்கு தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுத் தேர்வு எழுதுபவர் முழு வாக்கியத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

குணத்தைச் சொல்லும் சொற்களில் நான்கைப் பிரித்தறிந்தால் போதும். 'ரிசர்வ்ட்' என்பவர் பழகும்வரை தன்னை வெளிக்காட்டாதவர். இதில் குறை எதுவும் இல்லை. 'ரெட்டிசென்ட்' என்பவர் குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவர். 'ஹி இஸ் ரெட்டிசென்ட் அபவுட் ஹிஸ் பாஸ்ட்' என்பதுபோல 'அபவுட்' சேர்த்துவரும். செயலைச் செய்யத் தயங்குபவரைக் குறிக்க 'ரிலக்டன்ட்' இருக்கிறது; இரண்டையும் கலக்கக் கூடாது. 'டாசிடர்ன்' என்பவர் எதையுமே அதிகம் பேசாதவர். கொஞ்சம் கடுமுகம் என்ற சாயலும் இதில் உண்டு. 'டங்-டைட்' என்பது கூச்சத்தாலோ பதற்றத்தாலோ வாய் வராமல் நிற்பது. நேர்காணலில் திணறிய மாணவரை 'டாசிடர்ன்' என்று எழுதுவது அநியாயம், அவர் 'டங்-டைட்'.

செய்தித்தாளில் அடிக்கடி வரும் சொல் 'டைட்-லிப்ட்'. கேள்வி கேட்டும் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பது. அமைச்சர், காவல்துறை, நிறுவனத் தலைவர் ஆகியோரைப் பற்றி எழுதும்போது இது பொருந்தும். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் 'கிளாம்ட் அப்'. சிப்பி ஓட்டை மூடிக்கொள்வதிலிருந்து வந்த தொடர். கேட்கக் கேட்க இழுத்தடித்துப் பதில் தராமல் இருக்கும் கல்லுளிமங்கத்தனத்துக்கு 'ஸ்டோன்வால்' பொருத்தமான வினை.

'மம்' என்ற சொல் தனியே கவனிக்கத் தக்கது. மூடிய உதடுகளுக்குள் எழும் 'ம்' ஒலியே இதன் பிறப்பு. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்திலேயே இது பேசாமல் இருப்பது என்ற பொருளில் வருகிறது. 'கீப் மம்', 'ஸ்டே மம்' என்பவை ஒருவர் வாய் திறக்காமல் இருப்பதைச் சொல்லும். 'மம்ஸ் தி வேர்ட்' என்றால் இது நமக்குள் இருக்கட்டும். பிரிட்டனில் அம்மாவுக்கும் 'மம்' என்றே பெயர். இந்த இரட்டைப் பொருளை வைத்து 1940-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு போர்க்காலச் சுவரொட்டியே வெளியிட்டது: அப்பாவைப் போல 'கீப் மம்' செய்யுங்கள் என்பது அதன் வாசகம். வாயை மூடி இருங்கள் என்றும், அம்மாவை வைத்துக் காப்பாற்றுங்கள் என்றும் இரு பொருள் தரும். அமெரிக்காவில் அம்மா 'மாம்' என்பதால் இந்தச் சிலேடை அங்கே எடுபடாது.

கவனிக்க: பேச்சுத்திறன் இல்லாதவரை 'டம்ப்' என்று குறிப்பிடக் கூடாது. அந்தச் சொல் இன்று முட்டாள் என்ற வசையாகிவிட்டது. 'டெஃப் அண்ட் டம்ப்' என்ற பழைய இணைப்பையும் விட்டுவிட வேண்டும். பழைய பாடநூல்களில் இருக்கிறது என்பது இதைப் பயன்படுத்த நியாயமாகாது.

நாக்கைக் கடித்துக்கொள்வது

தமிழரை வழுக்கிவிடும் தொடர்களில் முதலிடம் இதற்குத் தரலாம். தமிழில் ஒருவர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, ஐயோ என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். சொல் வெளியே போய்விட்டது. கடிப்பது அதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் 'பைட் யுவர் டங்' என்றால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே அடக்கிக்கொள்வது. சொல் வெளியே வரவே இல்லை. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டார் என்று தமிழில் சொல்வோமே, அதுதான் இதற்கு நெருக்கம்.

ஆகவே, 'ஐ பிட் மை டங்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வாசிப்பவர் பொறுமையைப் பாராட்டுவார். எழுதியவர் சொல்ல நினைத்தது உளறிவிட்டேன் என்பதாக இருந்தால் செய்தி தலைகீழாகிவிடும். உளறியதைச் சொல்ல 'ஐ லெட் இட் ஸ்லிப்' அல்லது 'ஐ பிளர்ட்டட் இட் அவுட்' வேண்டும்.

'ஹோல்ட் யுவர் டங்' என்பதும் அடக்கிக்கொள்வதே. ஆனால் இதை ஏவலாகச் சொன்னால் அதட்டலாகிவிடும். 'ஐ ஹெல்ட் மை டங்' என்று தன்னைப் பற்றிச் சொல்வதில் எந்தப் பிசகும் இல்லை. 'கேட் காட் யுவர் டங்?' என்பது பதில் சொல்லாமல் நிற்கும் குழந்தையிடம் கேட்பது. பெரியவரிடம் கேட்டால் சீண்டலாகத்தான் ஒலிக்கும்.

பிறரைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்போது

தமிழில் ஒரு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. 'சொல்லாதே' என்பதற்கும் 'சொல்லாதீங்க' என்பதற்கும் உள்ள தூரத்தை ஆங்கில வினை காட்டாது. அந்த வேலையைக் கேள்வி வடிவமும் 'பிளீஸ்' என்ற சொல்லும் குரலும் செய்ய வேண்டும். கீழே உள்ளவை மிக மரியாதையானதிலிருந்து மிகக் கடுமையானதுவரை வரிசைப்படுத்தப்பட்டவை.

1. 'குட் வி கீப் திஸ் பிட்வீன் அஸ்?' மேலதிகாரி, வயதில் மூத்தவர், புதிதாக அறிமுகமானவர் எவரிடமும் சொல்லலாம்.
2. 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கீப் திஸ் கான்ஃபிடென்ஷியல்.' கடிதத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஏற்றது.
3. 'பிளீஸ் கீப் திஸ் டு யுவர்செல்ஃப்.' சக ஊழியரிடம் சொல்லலாம். 'பிளீஸ்' இல்லாமல் சொன்னால் கட்டளையாகிவிடும்.
4. 'கீப் இட் அண்டர் யுவர் ஹேட்', 'மம்ஸ் தி வேர்ட்', 'நாட் எ வேர்ட் டு எனிஒன்.' நண்பர்களுக்குள் மட்டும். 'கீப் ஷ்டும்' என்பதும் இந்த வகையே. இத்திஷ் மொழி வழியாகப் பிரிட்டனின் பேச்சுவழக்கில் நுழைந்தது. அமெரிக்கர் பலருக்குப் புரியாது.
5. 'பைப் டவுன்', 'ஜிப் இட்.' சத்தம் போடும் கூட்டத்தை அதட்டுவது. ஆசிரியர் தன் மாணவரிடம் சொல்லலாம். மாணவர் ஆசிரியரிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது.
6. 'ஷட் அப்.' வாயை மூடு என்பதன் முழுக் கடுமையும் இதில் உண்டு. அமெரிக்கத் தொடர்களில் நண்பர்கள் வியப்பில் 'ஷட் அப்!' என்று சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கலாம். அட, நிஜமாகவா என்பது அங்கே பொருள். அந்தக் குரல் ஏற்றமும் நெருக்கமும் கைவரும்வரை அதைப் பின்பற்றாமல் இருப்பதே நல்லது.

அடிக்கடி நேரும் இலக்கணப் பிழைகள்

'டோன்ட் டெல் டு எனிஒன்' என்பது தவறு. 'யாரிடமும்' என்பதில் உள்ள வேற்றுமை உருபை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோவதால் இந்த 'டு' நுழைகிறது. 'டோன்ட் டெல் எனிஒன்' என்றாலே போதும். 'சே எ சீக்ரெட்' என்று இல்லை. 'டெல் எ சீக்ரெட்' அல்லது 'ஷேர் எ சீக்ரெட்'. ஒருவருக்குத் தெரியாமல் வைப்பதைச் சொல்ல 'ஃப்ரம்' வேண்டும்: 'கீப் இட் எ சீக்ரெட் ஃப்ரம் ஹிம்'. ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க 'அபவுட்' வேண்டும்: 'கீப் கொயட் அபவுட் இட்'.

'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று சொல்வது நாகரிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எழுத்து ஆங்கிலத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் வடிவம் 'பிட்வீன் யூ அண்ட் மீ'. இதையே நெருக்கமாகச் சொல்ல 'பிட்வீன் யூ, மீ அண்ட் தி கேட்போஸ்ட்' என்றொரு நீட்டிப்பும் உண்டு.

'டோன்ட் லெட் ஆன்' என்பதைக் கற்றுவைத்தால் பெரிதும் உதவும். சொல்லாதே என்பதோடு, உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே என்ற கூடுதல் பொருளும் இதில் அடங்கும்.

விஷயம் மறைவாக இருக்கும்போது

'பிரைவேட்', 'கான்ஃபிடென்ஷியல்', 'சீக்ரெட்' மூன்றும் வேறு வேறு. ஒருவரின் மருத்துவ விவரம் 'பிரைவேட்'. அவருக்குச் சொந்தமானது, பிறர் கேட்பது நாகரிகமில்லை. அதை அவர் மருத்துவரிடம் நம்பிச் சொன்னதும் அது 'கான்ஃபிடென்ஷியல்'. மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. அப்படி ஒன்று இருப்பதே பிறருக்குத் தெரியக் கூடாது என்றால் 'சீக்ரெட்'. இந்திய அரசு ஆவணங்களில் இந்தச் சொற்கள் தரவரிசையாகவே வருகின்றன: 'டாப் சீக்ரெட்', 'சீக்ரெட்', 'கான்ஃபிடென்ஷியல்', 'ரெஸ்ட்ரிக்டெட்'. அங்கே இவற்றை மாற்றிப் போட முடியாது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது பதவிப் பிரமாணத்தோடு ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுக்கிறார்களே, அதன் ஆங்கிலப் பெயர் 'ஓத் ஆஃப் சீக்ரெசி'. அதன் வாசகம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது.

செயலைக் குறிக்கும் அடைமொழிகளில் 'கோவர்ட்' என்பது உளவுத்துறை, ராணுவம் போன்றவற்றின் மறைமுக நடவடிக்கை. 'கிளாண்டெஸ்டைன்' என்பதில் சட்டத்துக்கோ ஊர் வழக்கத்துக்கோ புறம்பானது என்ற நிழல் விழும். 'ஃபர்ட்டிவ்' பெரும்பாலும் பார்வைக்கும் அசைவுக்கும் உரியது; திருட்டு முழி 'ஃபர்ட்டிவ் கிளான்ஸ்'. 'சரெப்டிஷஸ்' யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் செய்வது.

தமிழ்த் தொடர் தெரிந்தவருக்குக் கீழ்க்கண்டவை எளிதில் பிடிபடும்.

காதும் காதும் வைத்தாற்போல் நடப்பது 'ஹஷ்-ஹஷ்'. மூடிய கதவுக்குள் நடக்கும் பேச்சு 'பிஹைண்ட் குளோஸ்ட் டோர்ஸ்'. மேசைக்கு அடியில் கைமாறுவது 'அண்டர் தி டேபிள்'; லஞ்சத்துக்கே பெரிதும் உரியது, ஆகவே நல்ல ரகசியத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. வாயை மூடக் கொடுக்கும் பணம் 'ஹஷ் மணி'. சுவருக்கும் காது உண்டு என்பது 'வால்ஸ் ஹேவ் இயர்ஸ்' என்று அப்படியே இருக்கிறது. மனத்தில் இருப்பதைக் காட்டாமல் காய் நகர்த்துவது, சீட்டாட்டத்திலிருந்து வந்த 'பிளே யுவர் கார்ட்ஸ் குளோஸ் டு யுவர் செஸ்ட்'. அமெரிக்கர் 'செஸ்ட்' என்ற இடத்தில் 'வெஸ்ட்' என்பார்கள். குடும்பத்தின் பழைய அவமானம் 'ஸ்கெலிட்டன் இன் தி கப்போர்ட்', அமெரிக்காவில் 'கிளோசெட்'.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு 'ஸ்வீப் அண்டர் தி கார்பெட்' என்று எழுதுபவர்கள் உண்டு. பொருத்தம் பாதிதான். பூசணிக்காய் என்னும்போது மறைக்கவே முடியாததை மறைக்கப் பார்க்கிறார் என்ற ஏளனம் இருக்கிறது. கம்பளத்துக்கு அடியில் தள்ளுவதோ, சிக்கலைத் தீர்க்காமல், நாளடைவில் மறந்துவிடுவார்கள் என்று ஒதுக்கிவைப்பது. பூசி மெழுகுவதற்கு 'கிளாஸ் ஓவர்' நெருக்கமானது.

எழுத்துக் கூட்டில் ஒரு பொறி: 'டிஸ்கிரீட்' என்ற ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டுகள். பின்பகுதியில் இரண்டு 'ஈ' எழுத்துகள் ஒட்டி நின்றால் கமுக்கம் காப்பவர். இரண்டு 'ஈ'க்களுக்கு நடுவே 'டி' நின்று அவற்றைப் பிரித்தால் தனித்தனியான என்று பொருள். பிரிந்து நிற்பது பிரிவைச் சொல்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணினியின் பிழைதிருத்தி இதைக் காட்டிக்கொடுக்காமலும் போகலாம், ஏனெனில் இரண்டுமே சரியான சொற்கள்.

நீதிமன்றம், கூட்டம், செய்தியாளர்

இங்கே சொற்களுக்குத் தொழில்முறைப் பொருள் உண்டு. தவறினால் வெறும் மொழிப்பிழையாக நிற்காது.

'இன் கேமரா'. நீதிமன்ற விசாரணை 'இன் கேமரா' நடந்தது என்ற செய்தியைக் கேமரா முன்னிலையில் பதிவுசெய்தார்கள் என்று மொழிபெயர்ப்பது உண்மைக்கு நேர் எதிரானது. லத்தீனில் 'கேமரா' என்றால் அறை. பொதுமக்களையும் பத்திரிகையாளரையும் அனுமதிக்காமல் மூடிய அறையில் விசாரிப்பது என்பதே பொருள். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரைக் காக்க இந்த முறை கையாளப்படுகிறது. படம் பிடிக்கும் கருவியும் இருட்டறை என்ற அதே லத்தீன் மூலத்திலிருந்து பெயர் பெற்றது என்பதால்தான் குழப்பம். தனியறை விசாரணை, மூடிய அறை விசாரணை என்று தமிழில் எழுத வேண்டும்.

'ஆஃப் தி ரெக்கார்ட்'. செய்தியாளரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, கடைசியில் இது 'ஆஃப் தி ரெக்கார்ட்' என்று சேர்ப்பது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் பாதுகாப்பு இல்லை. பின்பற்ற வேண்டிய வரிசை இது:

1. பேசத் தொடங்கும் முன்பே, இது வெளியிடுவதற்கு அல்ல என்று சொல்ல வேண்டும்.
2. செய்தியாளர் ஒப்புக்கொண்டதை அவர் வாயால் கேட்க வேண்டும். அவர் தலையாட்டியது போதாது.
3. வெளியிடவே கூடாதா, பெயரைச் சொல்லாமல் வெளியிடலாமா என்பதைத் தெளிவாக்க வேண்டும். பெயரில்லாமல் வெளியிடலாம் என்பதற்கு 'நாட் ஃபார் அட்ரிபியூஷன்' என்ற தனித்தொடர் இருக்கிறது.
4. அந்தப் பகுதி முடிந்ததும், இனிச் சொல்வதை வெளியிடலாம் என்று அறிவித்துவிட்டுத் தொடர வேண்டும்.

ஒப்புக்கொண்ட வாக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு வாட்டர்கேட் ஊழல் சான்று. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் நிருபர் பாப் வுட்வர்டுக்குத் தகவல் தந்த எஃப்பிஐ அதிகாரி மார்க் ஃபெல்ட்டின் பெயர், 1970-களின் தொடக்கத்திலிருந்து 2005-இல் அவரே வெளிப்படும்வரை காக்கப்பட்டது.

'நோ கமென்ட்' என்பது பதில் சொல்ல மறுப்பதுதான். ஆனால் கேட்பவர் காதில் அது பாதி ஒப்புதலாக விழுகிறது. 'ஐ அம் நாட் ஏபிள் டு டிஸ்கஸ் திஸ் அட் பிரெசென்ட்' என்ற முழு வாக்கியம் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கும்.

'சாத்தம் ஹவுஸ் ரூல்'. கருத்தரங்க அழைப்பிதழில் இந்தத் தொடர் இருந்தால், அங்கே கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் நிறுவனம் 1927-இல் இதை வகுத்தது. முழுக் கூட்டமும் ரகசியம் என்று புரிந்துகொள்வது தவறு. பன்மையாக 'ரூல்ஸ்' என்று எழுதுவதும் தவறு. விதி ஒன்றே ஒன்றுதான்.

'பிளீட் தி ஃபிஃப்த்'. அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதில் ஒரு கூறு. அன்றாடப் பேச்சில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று விளையாட்டாகச் சொல்ல இது பயன்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்தியாவில் இதே பாதுகாப்பைத் தருவது அரசமைப்பின் 20(3) பிரிவு. ஆகவே இந்திய நீதிமன்றச் செய்தியில் 'ஃபிஃப்த்' என்று எழுதுவது பொருந்தாது.

மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழிக்கு ஆங்கிலத்திலும் இணை உண்டு: 'சைலன்ஸ் கிவ்ஸ் கன்சென்ட்'. இதை நம்பி அலுவலக மின்னஞ்சலில், பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வேன் என்று எழுதிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1862-இல் தீர்ப்பான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கு இதைப் பற்றியதே. மாமா ஒருவர் தன் மருமகனின் குதிரைக்கு விலை சொல்லி, மறுபதில் வராவிட்டால் குதிரை எனக்கே என்று கடிதம் எழுதினார். மருமகன் பதில் எழுதவில்லை. ஏலதாரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட, மாமா வழக்குப் போட்டார்; தோற்றார். மௌனத்தால் ஒப்பந்தம் உண்டாகாது என்றது நீதிமன்றம்.

வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டதைக் குறிக்க 'டாசிட்' என்ற சொல் உண்டு. 'டாசிட் அப்ரூவல்' என்பது நடந்ததை விவரிக்க உதவும். எதிர்காலத்தில் ஒருவரைக் கட்டிப்போட உதவாது. எழுத்தில் 'பிளீஸ் கன்ஃபர்ம்' என்று கேட்டு, பதிலைப் பெற்றுவிடுவதே முறை.

ரகசியம் வெளியாகும்போது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது, வேண்டுமென்றா தெரியாமலா என்பது.

தெரியாமல் வாய் தவறியது: 'லெட் ஸ்லிப்', 'பிளர்ட் அவுட்', 'கிவ் தி கேம் அவே'. ஓட்டை வாய்க்காரர் 'பிளாபர்மவுத்'. தவறை உணர்ந்து தானே முன்வந்து சொன்னது 'கம் கிளீன்'. இதில் மதிப்பு உண்டு. உள்ளே இருந்துகொண்டு தகவலை வெளியே விட்டது 'லீக்'. நிறுவனத்தில் நடக்கும் தவறைப் பொதுநலனுக்காக அம்பலப்படுத்தியது 'புளோ தி விசில்'. இப்படிச் செய்பவர் 'விசில்புளோவர்'. இவர்களைக் காக்க இந்திய நாடாளுமன்றம் 2014-இல் சட்டம் இயற்றியது. நேர்மையாகப் புகார் தந்தவரை 'லீக்கர்' என்றோ 'இன்ஃபார்மர்' என்றோ எழுதினால் அவர் செய்தது கோள்மூட்டல் என்றாகிவிடும். செய்தி எழுதுபவர் இந்த ஒரு சொல்லில் எவ்வளவு கவனம் காட்டினாலும் தகும்.

'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதும் 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' என்பதும் ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவதே. முதலாவதை, மறைக்காமல் சொல் என்று ஒருவரைத் தூண்டவும் பயன்படுத்தலாம்: 'கம் ஆன், ஸ்பில் தி பீன்ஸ்'. இரண்டாவது பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்வது. தமிழ்ப் பத்திரிகைகளில் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது என்று எழுதும்போது, ஒருவரின் உள்நோக்கம் அம்பலமாகிவிட்டது என்ற அரசியல் வாடை அடிக்கும். ஆங்கிலத்தில் அந்த வாடை கட்டாயமில்லை. பிறந்தநாள் விருந்தை முன்கூட்டியே உளறிவிட்டதற்கும் அதே தொடர்தான். ஒளித்து வைத்த குற்றம் வெளிப்பட்டதைச் சொல்ல, அதாவது குட்டு உடைந்தது, சாயம் வெளுத்தது என்ற பொருளில், 'வாஸ் எக்ஸ்போஸ்ட்' என்று நேராக எழுதுவதே தெளிவு.

இந்தத் தொடர்களின் பிறப்புக் கதைகளை நம்பி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பண்டைய கிரேக்கர் அவரையை வைத்து ரகசிய வாக்கெடுப்பு நடத்தியதிலிருந்து 'ஸ்பில் தி பீன்ஸ்' வந்தது என்ற கதை பிரபலம். தொடரோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. தேர்வுக்கும் பேச்சுக்கும் தேவைப்படுவது பயன்பாடு.

பழகும் முறை

1. நாளுக்கு மூன்று தொடர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் ஒன்று மரியாதையானது, ஒன்று நண்பர்களுக்கு உரியது, ஒன்று செய்தித்தாளுக்கு உரியது என்று இருக்கட்டும்.
2. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் யாரிடம் சொல்லலாம் என்று எழுத வேண்டும். தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைப்பதுதான் பிற்பாடு பிசகுக்குக் காரணமாகிறது.
3. ஆங்கில நாளிதழின் நீதிமன்றச் செய்தியிலும் அரசியல் செய்தியிலும் இந்தச் சொற்களைத் தேடி அடிக்கோடிட வேண்டும்.
4. அடிக்கோடிட்ட இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். 'டிஸ்கிரீட்' இருந்த இடத்தில் 'சீக்ரெட்டிவ்' போட்டால் ஆள் நல்லவரா கெட்டவரா என்பதே மாறிவிடுவது கண்கூடாகத் தெரியும்.
5. மரபுத்தொடரைக் கேட்டுப் புரிந்துகொள்வது முதலில், சொந்தமாகப் பயன்படுத்துவது பிறகு. சந்தேகம் வந்தால் 'பிளீஸ் டோன்ட் டெல் எனிஒன்' என்ற எளிய வாக்கியம் எந்த நாட்டிலும் எடுபடும்.

வாக்குக் கொடுக்கும் முன்

'மை லிப்ஸ் ஆர் சீல்ட்', 'யுவர் சீக்ரெட் இஸ் சேஃப் வித் மீ' போன்றவை நண்பர்களுக்குள் வாக்குறுதி. காப்பாற்ற முடியாத இடத்தில் அவற்றைச் சொல்லக் கூடாது. பணியில் சேரும்போது கையெழுத்திடும் 'நான்-டிஸ்குளோஷர் அக்ரிமென்ட்' அப்படியல்ல. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். எந்தத் தகவல், எத்தனை ஆண்டு, பணியை விட்ட பிறகும் பொருந்துமா என்ற மூன்றையும் படித்த பிறகே ஒப்பமிட வேண்டும். மின்னஞ்சலின் தலைப்பில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று எழுதினால் மட்டும் அது பூட்டப்பட்டதாகாது. ஒரே தொடுதலில் அது வேறொருவருக்குப் போய்விடும்.

ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். குழந்தை ஒன்று, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னால்தான் சொல்வேன் என்று தொடங்கும்போது 'ஐ பிராமிஸ் ஐ வோன்ட் டெல் எனிஒன்' என்று சொல்லிவிடக் கூடாது. குழந்தை சொல்லப்போவது பாலியல் துன்புறுத்தலாக இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. 'யூ கேன் டெல் மீ. ஐ மே நீட் டு டெல் சம்ஒன் ஹூ கேன் ஹெல்ப் அஸ்' என்று சொல்வதே சரி. தமிழில் பேசும் குழந்தையிடம் அதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.